மெலிந்த நாற்று

எதை எடுப்பது, எதை விடுவது என்று சூசைராஜுக்குத் தெரியவில்லை. பாலித்தீன் கொட்டகைக்குள் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, மடியில் ட்ரேயை வைத்துக்கொண்டு, மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றியும் மூக்குக்கு இறக்கியும் பார்த்தாயிற்று. ஒவ்வொரு குழியிலும் இரண்டு மூன்று பிளாக்ஸ் பூ நாற்றுகள் தோளோடு தோள் உரசி நின்றன. குழிக்கு ஒன்றுதான் இருக்கவேண்டும், மீதியை எடுத்துவிடுங்கள் என்று பெண்டாட்டி கொரற்றி நேற்று போனில் சொல்லியிருந்தாள். பிடுங்கக் கூடாதாம். பிடுங்கினால் பக்கத்து நாற்றின் வேரும் சேர்ந்து வந்துவிடுமாம், கத்தரியால் மண்ணோடு ஒட்ட வெட்டவேண்டுமாம். அந்தக் கத்தரியைத்தான் காணவில்லை. கொட்டகைக் கம்பத்தில் ஆணி இருக்கிறது, ஆணியில் சிவப்புப் பிடி போட்ட கத்தரி இல்லை. தையல் மிஷின் டிராயர், சமையலறை அலமாரி, குளியலறை ஜன்னல் விளிம்பு எல்லாம் தேடியாயிற்று. அவள்தான் எடுத்துப் போயிருக்கிறாள். மகளுக்குப் பேறுகாலம் பார்க்கப் போகிறவள் பூ வெட்டும் கத்தரியை எதற்கு எடுத்துப் போகவேண்டும்? தொப்புள்கொடி அறுக்கவா, அதற்குத்தான் ஆஸ்பத்திரியில் ஆள் இருக்கிறதே. ஒருவேளை பையில் ஏற்கெனவே கிடந்து, தெரியாமல் போயிருக்கும். தெரியாமல் ஒரு காரியம் செய்கிறவளா அவள்? தேங்காய் எண்ணெய் பாட்டிலைக்கூட மூடி இறுக்கமா என்று இரண்டு தடவை பார்த்துப் பையில் வைத்தவள். அப்படியானால் தெரிந்தேதான் எடுத்திருக்கிறாள். தெரிந்தே என்றால் எதற்கு? இந்த இடத்துக்கு வந்ததும் அவர் மனசு கால் தடுக்கி நின்றுவிடும், திரும்ப முதலிலிருந்து ஆணி, டிராயர், அலமாரி என்று கிளம்பும். காலையிலிருந்து இது எத்தனையாவது சுற்றோ.

விஷயம் இதுதான். பெண்டாட்டி தன்னை விட்டுப் போய்விட்டாளா இல்லையா என்பது சூசைராஜுக்குத் தெரியவில்லை. அறுபது தாண்டிய மனுஷனுக்கு இது தெரியாமல் இருப்பது கொஞ்சம் கேவலம்தான், வெளியே யாரிடமும் கேட்கவும் முடியாது. சண்டை நடந்திருந்தால் சுலபம். சண்டை நடந்தது, போய்விட்டாள் என்று சொல்லிக்கொள்ளலாம். அப்படி எதுவும் நடக்கவில்லை. ஐப்பசி மழையில் மகள் லீமாவுக்கு வலி எடுக்கப்போகிறது என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு கோயம்புத்தூர் பஸ் ஏறினாள். இவர்தான் பெட்டியை ஏற்றி, ஜன்னல் சீட்டில் கைக்குட்டை போட்டு இடம் பிடித்துக் கொடுத்தார். குழந்தை பிறந்தது. கிறிஸ்துமஸுக்கு வருவாள் என்று பார்த்தார், குழந்தைக்குச் சளி என்றாள். குடில் பிரித்த பிறகு பேரனுக்கு ஞானஸ்நானம் வைத்தார்கள், இவர் போனார், பிரியாணி சாப்பிட்டார், கோயில் வாசலில் வைத்து இவர் கையில் அவள் ஒரு விதைப் பொட்டலத்தைக் கொடுத்தாள். "போனதும் வெதைச்சுருங்க, அப்பத்தான் ஈஸ்டருக்குப் பூக்கும்" என்றாள். "நீ எப்ப வர்ற?" என்று கேட்டார். "பாப்போம்" என்றாள். இந்த பாப்போமை அவர் பஸ்ஸில் வைத்துப் பார்த்தார், வீட்டில் வைத்துப் பார்த்தார், குளிக்கும்போது பார்த்தார். வருகிறவள் சொல்லுகிற பாப்போம் மாதிரியும் இருந்தது, வராதவள் சொல்லுகிற பாப்போம் மாதிரியும் இருந்தது. பக்கத்து வீட்டு மாதம்மா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, "என்னண்ணா, அக்கா எப்ப வருது?" என்று கேட்கும்போதெல்லாம் "வர்ற வாரம்" என்று சொல்லிவிடுகிறார். இப்போது மாதம்மா கேட்பதை நிறுத்திவிட்டாள். அவள் நிறுத்தியதுதான் இவருக்கு பயமாக இருக்கிறது. இவருக்குத் தெரியாதது அவளுக்குத் தெரிந்துவிட்டதோ என்னமோ.

ஆனால் விட்டுப் போனவள் தினமும் போன் பண்ணுவாளா? அதைச் சொல்லு. தினமும் பண்ணுகிறாள். பேரனைக் குளிப்பாட்டித் தூங்கப் போட்டதும் பண்ணுவாள், சட்டைப் பையில் போன் துடிக்கும், இவருக்கு நெஞ்சும் சேர்ந்து துடிக்கும். "சாப்டீங்களா" என்பாள், "சாப்ட்டேன்" என்பார், பிறகு பிளாக்ஸ்தான். ஆரம்பத்தில் ஒன்றுமே முளைக்கவில்லை. விதைத்து, மேலே மண் தூவி, அதற்கு மேல் நியூஸ்பேப்பர் போட்டு மூடிவைக்கச் சொல்லியிருந்தாள். பிளாக்ஸ் விதை இருட்டில்தான் முளைக்கும், வெளிச்சம் பட்டால் முறுக்கிக்கொண்டு கிடந்துவிடும். இவர் காலையில் ஒரு தடவை பேப்பரைத் தூக்கிப் பார்த்தார், காபி குடித்துவிட்டு ஒரு தடவை பார்த்தார், மத்தியானம் டார்ச் அடித்தும் பார்த்தார். என்ன ஆச்சு என்று தெரிந்துகொள்ளாமல் ஒரு மனுஷன் எப்படி இருப்பது? "பேப்பரத் தூக்கிப் பாத்தீங்களா?" என்று அவள் கேட்டாள். இல்லை என்றார். "பாத்திருக்கீங்க" என்றாள். அந்தக் குரலில் கோபம் இல்லை. அதுதான் குழப்பம், பழைய கொரற்றியாக இருந்தால் வைத்து வாங்கியிருப்பாள். மீதி விதையை மறுபடி விதைத்து, ட்ரேயைக் கட்டிலுக்கடியில் தள்ளி, வேண்டுமென்றே அந்த அறைக்குப் போகாமல் ஹாலில் படுத்துக்கொண்டார். முழங்காலில் கோத்தகிரிக் குளிர் ஏறியது. ஒரு நாள் குனிந்து பார்த்தபோது மண் பிளந்து வெள்ளையாக வளைந்த கழுத்துகள் தெரிந்தன. தரையில் உட்கார்ந்தபடியே அவளுக்குப் போன் போட்டார். அந்தச் சமயம் அவள் எடுக்கவில்லை. குழந்தை அழுதிருக்கும். குழந்தைதான் அழுதிருக்கும்.

சரி, வேலையைப் பார்ப்போம். கத்தரி இல்லையென்றால் நகத்தால் கிள்ளவேண்டியதுதான். இந்தக் குழியில் மூன்று. ஒன்று தடித்துக் கொழுகொழு என்று, இலை அகலமாக, எம்.எல்.ஏ. வீட்டுப் பையன் மாதிரி நிற்கிறது. இன்னொன்று நடுத்தரம். மூன்றாவது மெலிந்து, வெளிறி, எந்தப் பக்கம் சாயலாம் என்று யோசித்துக்கொண்டிருக்கிறது. யாரைக் கேட்டாலும் மெலிந்ததை எடு என்றுதான் சொல்வார்கள். அவரும் அப்படித்தான் நினைத்தார், போன வருஷம். ஐயோ, போன வருஷம். அவள் உடம்பு சரியில்லாமல் படுத்திருந்தாள், ஒத்தாசையாக இருக்கட்டுமே என்று இவராகவே ட்ரேயை எடுத்து, நோஞ்சான்களை எல்லாம் பிடுங்கி எறிந்துவிட்டு, தடித்ததாகப் பார்த்து நிறுத்தினார். நிமிர்ந்து உட்கார்ந்தபோது டிப்போ மேனேஜர் மாதிரி ஒரு திருப்திகூட வந்தது. அவள் எழுந்து வந்து பார்த்தாள், எறிந்தவற்றைப் பார்த்தாள், மண்ணில் குனிந்து இரண்டு மூன்றைப் பொறுக்கினாள், அவை அதற்குள் வாடிவிட்டிருந்தன. "மெலிசாத்தாங்க நல்ல கலரெல்லாம் இருக்கும்" என்றாள். கலப்பு விதையில் வெள்ளை, சந்தனம், கண் வைத்த இளஞ்சிவப்பு எல்லாம் நாற்றில் சோப்ளாங்கியாகத்தான் வருமாம். தடித்து வருவதெல்லாம் அநேகமாக ஒரே அடர்ந்த ரோஸ்தானாம். அது இவருக்கு எப்படித் தெரியும்? முப்பது வருஷமாக பஸ் ஸ்டியரிங் பிடித்தவனுக்குச் செடி ஜாதகம் எப்படித் தெரியும்? ஈஸ்டருக்கு முந்தின தவக்காலம் முழுக்கக் கோயில் பீடத்தில் ஒரு பூகூட வைக்கமாட்டார்கள், மொட்டையாகக் கிடக்கும். ஈஸ்டர் திருப்பலிக்கு விளக்கெல்லாம் எரியும்போது கொரற்றி வைத்த பூதான் முதலில் கண்ணில் படும், அந்த ஒரு நாளுக்காகத்தான் அவள் இதைச் செய்வாள். போன ஈஸ்டருக்குப் பீடம் முழுக்க ஒரே ரோஸ். சுவருக்குப் பெயின்ட் அடித்த மாதிரி. அவள் பெஞ்சில் உட்கார்ந்து தலையைக் குனிந்துகொண்டிருந்தாள், ஜெபம் பண்ணுகிறாள் என்று இவர் நினைத்தார். வெளியே வரும்போது ஏதோ சொன்னாரே, என்ன சொன்னார்? "பூவுக்கு என்ன, எல்லாம் பூதான்." சமாதானமாகத்தான் சொன்னார். சத்தியமாகச் சமாதானமாகத்தான். அவள் செருப்பை மாட்டிக்கொண்டு முன்னால் நடந்தாள்.

அதற்காகவா ஒருத்தி போய்விடுவாள்? பூவுக்காக? இருக்காது. அப்புறம் வேறு எது? குடித்ததில்லை, அடித்ததில்லை, சம்பளத்தைக் கவரோடு கொடுத்தவர். வீட்டின் எந்த மூலையிலிருந்து "இந்தா" என்று கூப்பிட்டாலும் வந்து நிற்பாள், இரண்டாம் தடவை கூப்பிட வைத்ததே இல்லை, அப்படி ஒரு ஒற்றுமை. இப்போதும் வாய் தவறி வந்துவிடுகிறது. முந்தாநாள் கண்ணாடியைக் காணாமல் "இந்தா" என்று கூப்பிட்டுவிட்டு, வீடு பதில் சொல்லாமல் நின்றபோது வெட்கமாகப் போய்விட்டது. கண்ணாடி நெற்றியில்தான் இருந்தது. இல்லை, அவள் வந்துவிடுவாள். பிளாக்ஸ் போடச் சொன்னதே வருவதற்காகத்தானே, தானே வந்து பீடத்தில் வைக்கத்தானே. வராதவளுக்கு ஈஸ்டரைப் பற்றி என்ன கவலை? இந்த எண்ணம் வந்ததும் உடம்பெல்லாம் இளகியது, கொட்டகைக்கு வெளியே மஞ்சு மூட்டம் விலகித் தேயிலைச் சரிவு தெரிந்தது. அடுத்த நிமிஷம் கத்தரி ஞாபகம் வந்து மறுபடி மூடிக்கொண்டது. மேட்டுப்பாளையம் இறக்கத்தில் மஞ்சு இறங்கிவிட்டால் கொண்டை ஊசி வளைவில் ஹாரன் அடித்துவிட்டுக் காதைக் கொடுத்துக் காத்திருப்பார். எதிரே வண்டி இருந்தால் பதில் ஹாரன் வரும், இல்லையென்றால் இல்லை. அவருக்கு அதில் பயமே இருந்ததில்லை. இங்கே ஹாரன் அடிக்கவே பயமாக இருக்கிறது. கொரற்றி, நீ வருவியா மாட்டியா என்று ஒரு வார்த்தை கேட்டால் முடிந்தது. கேட்டால் பதில் வந்துவிடுமே. கேட்காதவரைக்கும் அவள் வருகிறவளும்தான். லீமாவைக் கேட்கலாம் என்றால் லீமா அம்மா பக்கம். அம்மா பக்கம் என்று ஒன்று இருக்கிறதா என்ன, இருந்தால் அப்பா பக்கம் என்றும் ஒன்று இருக்கவேண்டும், அந்தப் பக்கத்தில் யார் இருக்கிறார்கள், மாதம்மாகூட இல்லை. ட்ரேயில் இந்த வரிசையை முடித்துவிட்டோமா? முடித்த மாதிரிதான் இருந்தது, ஆனால் இந்தக் குழியில் இரண்டு நிற்கிறதே. ஒன்று போதும். தடித்ததைக் கிள்ளினார். கிள்ளிய பிறகு பார்த்தால் நல்ல நாற்று, நன்றாக வந்திருக்கும், அது என்ன பாவம் செய்தது. அடுத்த குழியில் மெலிந்ததைக் கிள்ளப் போய்க் கையை இழுத்துக்கொண்டார். அதற்கடுத்ததில் இரண்டையும் விட்டுவைத்தார். இது ஒரு முறையா? எல்லாம் மெலிந்ததாக விட்டு, எல்லாம் செத்துப்போனால் ஈஸ்டருக்கு எதை வைப்பது? எல்லாம் தடித்ததாக விட்டால் மறுபடி ரோஸ். மறுபடி ரோஸ் வந்தால் அவள் வந்து பார்த்து, பார்த்த உடனே திரும்பிப் போய்விடுவாள். விரல் நுனியில் பச்சை வாடை. கீழே மண்ணில் கிள்ளிப்போட்டவை கிடந்தன. அவற்றில் நல்ல கலர் எது என்று இனிமேல் யாருக்கும் தெரியப்போவதில்லை.

சட்டைப் பை துடித்தது. மண் கையோடு எடுத்தார், ஸ்பீக்கரைப் போட்டு மடி ட்ரேயின் ஓரத்தில் சாத்தி வைத்தார்.

"சாப்டீங்களா?"

"சாப்ட்டேன். பயிர் கலைச்சுட்டிருக்கேன்."

"எதை விட்டீங்க?"

"மெலிசாப் பாத்து விட்டேன்." பாதிப் பொய். "தடிச்சதும் கொஞ்சம் விட்டிருக்கேன்."

"அது சரிதான். ரெண்டும் வேணும்." அவள் குரலில் ஏதோ தெளிவாக இருந்தது, முகம் கழுவிவிட்டு வந்த மாதிரி. "இப்ப நான் சொல்றத மனசுல வச்சுக்கங்க. தரையில நட்டு வேர் பிடிச்சதும் நுனியக் கிள்ளிடுங்க. மனசு வராது, ஆனா கிள்ளணும், அப்பத்தான் பக்கத்துல கெளைக்கும். எலையில தண்ணி படாம அடியில ஊத்துங்க, இல்லாட்டி சாம்பல் பூத்துரும். கொத்துல பாதி பூ விரிஞ்சதும் வெட்டிரணும், முழுசா விரிய விட்டா ஜாடியில நிக்காது. வெயில் ஏறுறதுக்கு முன்ன வெட்டுங்க."

"ம்."

"கீழ் எலைய உருவிட்டு, கழுத்து வரைக்கும் தண்ணியில நிறுத்தி, ராத்திரி பூரா வைங்க. பீடத்துல வைக்கும்போது பிளாக்ஸ முன்னால வைங்க, அது குட்டை. வெள்ளைய நடுவுல அள்ளிப் போடாதீங்க, அங்கங்க விடுங்க."

நான் எதற்கு வைக்கிறேன் என்று கேட்க வாயெடுத்தார். அதற்குள் அவள் அடுத்ததுக்குப் போய்விட்டாள்.

"ஈஸ்டர் முடிஞ்சதும் செடியப் பிடுங்கிராதீங்க. நல்ல கலரா நாலஞ்சு செடியில பூவ வெட்டாம விட்டு வைங்க, காய் வைக்கும். பழுத்தா பட்டுனு வெடிச்சுத் தெறிச்சுரும், ஒரு வெத கையில சிக்காது. அதுக்கு முன்ன மெல்லிசுத் துணியில கொத்தோட கட்டிருங்க. அந்த வெதைய எடுத்து வச்சுக்கிட்டீங்கன்னா, அடுத்த வருஷம் குடில் பிரிச்சதும் நீங்களே வெதைச்சுக்கலாம். என்னையக் கேக்க வேண்டியதே இல்ல."

சூசைராஜ் ட்ரேயைப் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த வருஷம் என்கிற வார்த்தை காதில் விழுந்தது, அப்புறம் நீங்களே என்கிற வார்த்தை விழுந்தது, இரண்டும் சேர்ந்து உள்ளே போகக் கொஞ்ச நேரம் ஆனது. அவ்வளவு நாளும் அவள் தனக்காகச் செடி வளர்க்கச் சொல்கிறாள் என்று நினைத்திருந்தார். சொல்லிக்கொடுத்துவிட்டுப் போகிறாள்.

"என்ன துணி?" என்று கேட்டார். கேட்க நினைத்தது அதுவல்ல.

"காத்து போற துணிங்க. பீரோவுல கீழ்த்தட்டுல என் மெல்லிசு வாயில் சேலைங்க கெடக்கு. அதுல ஒண்ணக் கிழிச்சுக்கங்க."

"நீ வந்தா கட்ட வேணாமா?"

அந்தப் பக்கம் மிக்ஸி ஓடும் சத்தம் கேட்டது. நின்றது.

"நான் வரலீங்க."

அவளே சொன்னாள்.

"ஞானஸ்நானத்துக்கு நான் வச்ச பூவப் பாத்துட்டு ஒரு அம்மா கூப்பிட்டாங்க. மண்டபத்துக்கெல்லாம் பூ அலங்காரம் பண்றவங்க. இப்ப அவங்ககூடத்தான் போயிட்டு வர்றேன். காலையில எந்திரிச்சா எனக்குன்னு போறதுக்கு ஒரு எடம் இருக்கு. லீமாகிட்டகூட இன்னும் சரியாச் சொல்லல, உங்ககிட்டத்தான் மொதல்ல சொல்றேன்."

ஞானஸ்நானத்தன்று பீடத்தில் பூ இருந்ததா? அவர் கண்ணை மூடிப் பார்த்தார். பேரனின் வெள்ளைச் சட்டை தெரிந்தது, சாமியார் தண்ணீர் ஊற்றியது தெரிந்தது, பிரியாணிப் பந்தியில் எங்கே இடம் பிடிப்பது என்று யோசித்துக்கொண்டு நின்ற தன் கால்கள் தெரிந்தன. பூ எங்குமே தெரியவில்லை. சிவப்புப் பிடிக் கத்தரி எதற்குப் போனது என்பது மட்டும் தெரிந்தது.

"என்மேல கோவமா?" என்றார். குரல் வேறு யாருடையதோ மாதிரி இருந்தது.

"கோவம் இருந்திருந்தா சண்ட போட வந்திருப்பேங்க," என்றாள் கொரற்றி.

இதற்கு என்ன அர்த்தம் என்று அவருக்குப் புரியவில்லை. புரிந்த மாதிரியும் இருந்தது, அப்படிப் புரிந்தால் தாங்காது போலவும் இருந்தது. கோபப்படலாமா என்று பார்த்தார், எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. திரும்பி வா என்று சொல்லலாமா என்று பார்த்தார். வா என்றால் அவள் வந்துவிடுவாள், இரண்டாம் தடவை கூப்பிட வைக்கமாட்டாள் என்று ஒரு கணம் தோன்றியது. வாய்வரைக்கும் வந்துவிட்டது. அவர் வாயை மூடிக்கொண்டார். அதுவும் இன்னொரு "இந்தா"தான்.

"சேலையெல்லாம் கிழிக்க வேணாம்," என்றார். "நான் கடையில துணி வாங்கிக்கிறேன். அந்தச் சேலைங்கள மடிச்சு நாளைக்கு மொத வண்டியில குடுத்து விடுறேன். டிரைவர் தெரிஞ்சவந்தான், காந்திபுரம் பஸ் ஸ்டாண்டுல வாங்கிக்க. நாலு எடத்துக்குப் போக வரக் கட்டிக்க."

மறுமுனையில் மூச்சு மட்டும் கேட்டது. அழுகிறாளா, சிரிக்கிறாளா, இல்லை ஜலதோஷம்தானா என்று அவருக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ள, ஸ்பீக்கரை அணைத்துப் போனைக் காதோடு அழுத்தி வைத்துக்கொண்டார்.

"எத்தன மணிக்கு வருங்க, வண்டி?" என்று கொரற்றி கேட்டாள்.